ஏழாவது தட்டு

அவருக்குப் பகலில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. மாலையில் மெட்டல் இசைக்குழுவில் கிட்டார். ஒரே ஆல்பத்தோடு ஒன்பது வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குழுவில் யார்தான் நிலைத்தார்கள்? ஒருவர் விலகினால் அவர் பங்கை அழித்துவிட்டு, புதிதாக வந்தவரை வைத்துத் திரும்பப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவர்தான். மூன்று பாடகர்கள் போனார்கள். மூன்று குரல்களையும் முகம் சுளிக்காமல் அழித்தார்.

அடுத்துப் போனவன், டிரம்ஸ் வாசித்த அவருடைய சொந்தத் தம்பி. அவன் விலகவில்லை, செத்துப்போனான். சட்டம் சட்டம்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவன் வாசித்ததையும் அழித்தார்.

புதிதாக வந்த டிரம்ஸ்காரி, ஏழு தட்டுத் தாளத்தில் சுழலும் பாட்டை வாசித்துவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. ஒவ்வொரு ஏழாவது தட்டுலயும் உங்க கிட்டார் துளி லேட்டா வருது. அதைத் திரும்ப வாசிச்சுடலாமா?"

கேட்டுப் பார்த்தார். உண்மைதான். தம்பி அந்த இடத்தில் எப்போதும் பிந்துவான். எத்தனை திட்டினாலும் திருந்தமாட்டான். வாய் திட்டினாலும், இவர் கை அவனுக்காகக் காத்து நின்றிருக்கிறது.

"வேண்டாம்மா, இருக்கட்டும்," என்றார். "அவன் அப்பதான் வருவான்."