யாக்கோபின் ஆட்டுத்தோலும் டெய்லரம்மாவின் கேரியரும்

டெய்லரம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த அளவுக்குப் பொய் கோக்கத் தெரியாது. ஆனாலும் நாலு மாதமாக ஒரே பொய்யை வாரம் தவறாமல் சொல்லி வந்தாள்.

அவள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கண்ணில் புரை முற்றி, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருந்தார். கண்தான் மங்கியது, நாக்கு மங்கவில்லை என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமைக் கறி என்றால் அவருடைய அக்கா சமைத்ததுதான் அவருக்குத் தொண்டையில் இறங்கும்.

அடுத்த தெருவிலிருந்த அந்த நாத்தனாருக்கு ஒருநாள் மணிக்கட்டு பிசகிவிட்டது. அந்த ஞாயிறு டெய்லரம்மாவே கறி சமைத்து, நாத்தனாருடைய நசுங்கின மூடி போட்ட கேரியரில் கொண்டுவந்து, அக்கா கொடுத்தனுப்பினது என்று வைத்தாள். அவர் மூடியைத் தடவிப் பார்த்தார். நசுங்கல் இருந்தது. ஒரு வாய் வைத்ததும் முகம் மலர்ந்து, அக்கா கை அக்கா கைதான் என்றார். மணிக்கட்டு சரியான பிறகும் நாத்தனார் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. பாராட்டு மட்டும் வீடு தேடி வரும்போது யார் அனலில் வேகுவது?

ஒரு புதன்கிழமை கோயில் ஹாலில் விவிலியக் கூட்டம். ஃபாதர் தொடக்க நூலை வாசித்தார். பார்வை மங்கிய ஈசாக்கு. வேட்டைக்கறி போலவே அவர் மனைவி ரெபேக்கா சமைத்த ஆட்டுக்கறி. கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு, தான்தான் அண்ணன் என்று அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வந்து நின்ற யாக்கோபு. தடவிப் பார்த்து ஏமாந்த அப்பா. டெய்லரம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. யாரோ தன்னைப் போட்டுக்கொடுத்துவிட்டதாகவே நினைத்தாள். ஈசாக்கு ஏமாந்தது கண்ணால் அல்ல, வீட்டு ஆளை நம்பினதால்தான் என்று ஃபாதர் சொன்னதும் முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள். கூடவே ஒரு குறையும் எழுந்தது: ஆசீர்வாதத்துக்கு அத்தனை அடிதடி, ஆட்டை மானாக்கின ரெபேக்காவிடம் கறி நல்லா இருந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். கிராதிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் இருமுவது போல என்னமோ செய்தார். பிறகு, வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அதுதான் பரிகாரம் என்றார்.

சொன்னாள். அவர் நம்பவில்லை.

"அக்கா பேரை நீ தட்டிக்கிட்டுப் போகப் பாக்காத. உன் கறி எனக்குத் தெரியாதா?"

பொய்யை விழுங்கினவர் உண்மையைத் துப்பியதில் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அடுப்புப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, அவர் கையாலேயே கிளறவைத்தாள். ருசி பார்த்தவர், மசாலாவை அக்கா அரைத்துக் கொடுத்திருப்பாள் என்று தீர்ப்புச் சொன்னார்.

வேறு வழியில்லாமல் நாத்தனாரையே இழுத்துவந்து சமைக்கச் சொன்னாள். நாத்தனார் கை வலிக்கிறது என்று மழுப்பி, அப்புறம் சமைத்தாள். அவர் வெகுநேரம் மென்றார். ரெண்டு தடவை தண்ணீர் கேட்டார்.

"யாரு செஞ்சது இது?"

"நான்தாண்டா" என்றாள் அக்கா.

அவர் தட்டைத் தள்ளிவைத்தார். பெண்டாட்டியிடம், "உன் கறி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஆனா இனிமே இப்படிப் பண்ணாத. படி இருக்குன்னு நீ சொன்னா நம்பித்தானே நான் காலை வைக்கிறேன்."

டெய்லரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் சமைத்த ஆளின் பெயரைச் சொன்ன பிறகுதான் பரிமாறுவது. நாத்தனார் ஞாயிறுதோறும் வருகிறாள், சாப்பிட மட்டும்.