தம்பி உயர்த்திய இரண்டு சுவர்கள்

தம்பி எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் பெற்றோருக்குப் பிறந்த நால்வரில் அவர் கடைசி, நான் மூத்தவன். வாழ்நாள் முழுக்க அவரை 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'அவர்' என்று எழுதும்போது வேறு யாரைப் பற்றியோ எழுதுவதுபோல் இருக்கிறது. ஆனாலும் நினைவு மலருக்கு உரிய மரியாதை வேண்டும் என்று கல்யாணி சொல்லிவிட்டாள். கல்யாணி தம்பியின் மனைவி. இந்த மலரைத் தொகுத்தவளும் அவளே.

தம்பி பிறந்தது கரூரில். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அவர் காலமானபோது தம்பிக்குப் பதினான்கு வயது. அப்போதுதான் நான் சென்னையில் தணிக்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தம்பியைச் சென்னைக்குக் கூட்டி வந்து நான்தான் படிக்க வைத்தேன் என்று உறவினர்கள் சொல்வார்கள். உண்மையில் அவரே படித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை கேள்விக்குச் சரியாக எழுதினார் என்று கூட்டிப் பார்த்துக் கவலைப்பட்டேன், அவ்வளவுதான்.

பொறியியல் முடித்து, மேற்படிப்புக்கு அமெரிக்கா வந்து, கலிபோர்னியாவில் ஒரு விமானக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே முழு நீளத்துக்கும் இரண்டு தளம் கொண்ட மிகப்பெரிய பயணிகள் விமானம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார்கள். இறக்கையின் உள்கட்டமைப்பு தம்பியின் பங்கு. ஆறு ஆண்டுகள் உழைத்தார். அவ்வளவு பெரிய விமானத்தை வாங்க விமான நிறுவனங்கள் முன்வரவில்லை. வரைபட நிலையிலேயே திட்டம் கைவிடப்பட்டது, வேலையும் போயிற்று. மகள் நித்யா அப்போது கைக்குழந்தை.

ஒன்பது மாதம் கழித்து டெக்சாஸில் வேலை கிடைத்து, சுகர் லேண்டில் குடியேறினார். வேறொரு நாட்டில் வேறொரு பெரிய கம்பெனி அதே போன்ற இரண்டு தள விமானத்தைக் கட்டத் துணிந்திருந்தது. ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்ததும் காற்று நிரம்பி விரியும் சறுக்கு இருக்கிறதே, அந்த விமானத்துக்கு அதைச் செய்து கொடுக்கும் கம்பெனியில்தான் தம்பிக்கு வேலை. இறக்கை வரைந்த பிள்ளையைச் சறுக்குமரம் செய்யச் சொல்கிறார்களே என்று நான் சென்னையிலிருந்து தொலைபேசியில் புலம்பினேன்.

"ரெக்கை மேல போறதுக்கு, அண்ணா. இது கீழ வர்றதுக்கு. ரெண்டும் வேணும்ல" என்றார்.

வேலை எவ்வளவு கடினம் என்பது நான் ஓய்வு பெற்று இங்கே வந்து தம்பி வீட்டில் தங்கிய பிறகுதான் விளங்கியது. விமானத்தின் கதவுகளில் பாதியை மூடிவிட்டாலும், உள்ளே இருக்கும் அத்தனை பேரும் தொண்ணூறு விநாடிக்குள் தரைக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி. நிரூபித்துக் காட்டாத விமானம் பயணிகளை ஏற்ற முடியாது. மேல்தளத்துக் கதவோ இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடி உயரம். அங்கே வந்து நிற்கிறவர் கீழே பார்த்து ஒரு கணம் தயங்கினால், பின்னால் இருக்கும் வரிசை முழுக்க நின்றுவிடும்.

சறுக்கின் இரண்டு பக்கச் சுவர்களையும் உயர்த்த வேண்டும், தரை கண்ணில் படவே கூடாது என்றார் தம்பி. எடை கூடும், முடியாது என்றார் மேலாளர். அத்தனை பெரிய விமானத்திலும் ஒவ்வொரு கிலோவுக்கும் சண்டை போடுவார்களாம். கம்பெனி ஊழியர்களை வைத்துத் தாழ்ந்த சுவரோடு சோதித்தபோது ஒருவரும் தயங்கவில்லை என்பதும் அவர் பக்கத்து நியாயம்.

"அவங்க எல்லாம் டெய்லி ஜிம்முக்குப் போறவங்க" என்று சாப்பாட்டு மேசையில் தம்பி கொதித்தார். "ஃப்ளைட்ல ஏறுறது யாரு? நம்ம கோயிலுக்கு வர்ற பத்மா ஆன்ட்டி ஏறுறாங்க. எங்க அண்ணன் ஏறுறாரு."

தாழ்ந்த சுவர் வரைபடத்தில் கையெழுத்திட முடியாது என்று மேலாளரிடமே சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை தருகிறேன், உன் ஆட்களைக் கூட்டி வா, வித்தியாசம் தெரியாவிட்டால் கையெழுத்துப் போடு அல்லது வேறு வேலை பார் என்றாராம் அவர். மறுபடியும் வேலை போனால் என்ன செய்வது என்று கல்யாணியும் நானும் தூங்காமல் கிடந்தோம். தம்பி நன்றாகத் தூங்கினார்.

கோயிலிலும் தமிழ்ச் சங்கத்திலும் சொல்லி, என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேரைத் திரட்டினோம். பேன்ட் அல்லது சல்வாரில் வரச் சொல்லியும் மூன்று பேர் புடவையில் வந்தார்கள். அவர்களுக்குக் கம்பெனியே முழுக்கால் உடை கொடுத்தது. கம்பெனி முற்றத்தில் ஓர் இரும்புக் கோபுரம். அதன் உச்சியில் விமானத்தின் ஒரு துண்டு, இருக்கைகளோடும் புதுக் கம்பளத்தோடும். நாங்கள் படியேறினோம்.

மேலாளர் பின்னாலேயே ஏறி வந்து வாசலில் நின்றுவிட்டார். முப்பத்தொரு ஜோடிக் காலணிகள் அங்கே வரிசையாக இருந்தன. அவர் முகம் மாறியது. தம்பியைத் தனியே அழைத்து ஏதோ கேட்டார். பயிற்சி பெறாதவர்களை வைத்துச் செய்தால்தான் சோதனை செல்லும். சறுக்கு கிழியாமல் இருக்க முன்கூட்டியே காலணியைக் கழற்ற நீதான் சொல்லிக் கொடுத்திருக்கிறாய், இது செல்லாது என்றாராம்.

கம்பளத்தைக் கண்டதும் எங்கள் கால்கள் செய்த வேலை அது. அதை எப்படி விளக்குவது?

பத்மா ஆன்ட்டி இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

"உங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தேனாம், ஆன்ட்டி. செருப்பைக் கழட்ட."

"இதுக்கு எதுக்கு ட்ரெயினிங்?" என்றவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "சார், கார்ப்பெட்! மை ஹவுஸ், ஈவன் ப்ளம்பர் ரிமூவ் ஷூஸ். யூ கம், யூ ஆல்ஸோ ரிமூவ்."

மேலாளர் காலணிகளைப் பார்த்தார், கம்பளத்தைப் பார்த்தார், பிறகு தன் சேறு படிந்த பூட்ஸைப் பார்த்தார். சிரித்துவிட்டு, தொடங்கலாம் என்றார்.

முதல் பாதிப் பேருக்குத் தாழ்ந்த சுவர். விசில் ஊதினார்கள். எனக்கு முன்னால் போன ஐவரில் இருவர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாசலுக்கு வந்து கீழே பார்த்தேன். வாகன நிறுத்தத்தில் கார்களின் கூரைகள் தெரிந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் கார்களை எண்ணத் தொடங்கினேன்.

"அங்கிள், நகருங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அதற்குள் கீழே இறங்கிப் போயிருந்த தம்பி கத்தினார். "அண்ணா, அப்பறம் எண்ணிக்கோ. வா!" கண்ணை மூடிக்கொண்டு சறுக்கினேன்.

மீதிப் பேருக்கு உயர்ந்த சுவர். பத்மா ஆன்ட்டிதான் முதலில். ஒருவர்கூடச் சட்டத்தைப் பிடிக்கவில்லை. பிறகு மேலாளர் என்னைச் சுட்டிக் காட்டி, இவரையும் இதில் அனுப்புங்கள் என்றார். மறுபடி ஏறினேன். இந்த முறை எண்ணுவதற்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்னால் வெளுப்பான ஒரு பாதை மட்டும் இருந்தது. போய்விட்டேன்.

கூடுகிற எடையை வேறு எங்கே குறைப்பது என்று பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலாளர் நடந்தார். தம்பி உயர்ந்த சுவர் வரைபடத்தில் கையெழுத்திட்டார்.

விமானம் கட்டி முடிந்து, இறுதிச் சோதனை கடல் கடந்து நடந்தது. காலையில் தம்பி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தொண்ணூறு விநாடிக்கு முன்பே எல்லாரும் இறங்கிவிட்டார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருக்காவது அடி பட்டுச்சா?" சிலருக்குச் சிராய்ப்பு என்றார்கள். எந்தக் கதவில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்றே அதற்கான வேலையைத் தொடங்கிவிட்டார். அப்படிப்பட்டவர் அவர்.

சிறுநீரகம் பழுதடைந்து கடைசி நான்கு மாதம் வீட்டிலேயே இருந்தார். நான் பின்னாளில் குடிபோயிருந்த மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வந்து உடன் தங்கினேன். மாத்திரை, தண்ணீர், தூக்கம் எல்லாவற்றையும் கணக்கிட்டு அவரை நச்சரித்தேன், அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு மதிய வேளையில், கல்யாணியும் நித்யாவும் அருகில் இருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

வாரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்த சுகர் லேண்ட் நண்பர்களுக்கும், வீட்டுக்கு வந்து கவனித்த செவிலியருக்கும், அந்தச் சனிக்கிழமை எங்களோடு கோபுரம் ஏறிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஆண்டு நினைவுக்காகச் சென்னையிலிருந்து வரும் உறவினர்களில் சிலர் வளைகுடா வழியாக அந்தப் பெரிய விமானத்திலேயே வருவதாகச் சொன்னீர்கள். மேல்தளத்தில் இடம் கிடைத்தால் கதவைப் பாருங்கள். தம்பியின் உழைப்பு அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் தேவை உங்களில் ஒருவருக்கும் வராதிருக்கட்டும். அவர் வேண்டியதும் அதுவே.