தினமும் கழுவிய கார்

பழைய கார் வாங்குவதென்றால் தூத்துக்குடியில் வாங்கக் கூடாது, உப்புக்காற்றில் அடியெல்லாம் துருப்பிடித்திருக்கும் என்று சொல்லித்தான் என் கணவர் சாத்தான்குளம் வரை போய் ஒரு கார் வாங்கி வந்தார். பதினோரு வருடப் பழசு. அடியில் பொட்டுத் துரு இல்லை. அந்தப் பெருமையில் தினமும் காலையில் நானே ஹோஸ் பிடித்து அடிவரைக்கும் பீய்ச்சிக் கழுவுவேன்.

வாங்கிய மூன்றாம் வருடம் ஆத்தூர் பக்கம் டயர் பஞ்சர். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைக் கழற்றிவிட்டு, ஸ்டெப்னியை எடுக்க அவர் எழுந்தார். கரக்கென்று ஒரு சத்தம். ஜாக்கி அடித்தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போக, கார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒரு நிமிடம் முன்புவரை அந்த இடத்தில்தான் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் அண்ணாச்சி அடியைத் தட்டினார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"எந்தத் தண்ணில கழுவுதிய?"

"வீட்டு போர் தண்ணிதான் அண்ணாச்சி."

"வாயில வச்சுப் பாத்தியளா? அதுக்குக் கடல்லயே எறக்கிக் கழுவிருக்கலாம்."

உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாது என்பதால்தானே அதைக் காருக்கு விட்டோம்.

தகடு மாற்றி வெல்டிங் வைத்தாயிற்று. இப்போது குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் மட்டும் காருக்கு ஒரு வாளி. டயர் மாற்றும்போது, ஜாக்கி இறங்கினாலும் கார் அதன்மேல் நிற்கட்டும் என்று ஸ்டெப்னியை முதலில் காருக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா, "ஏளா, காரைக் கழுவி எத்தன நாளாச்சு?" என்று கேட்டார். அவர் கார் கண்ணாடி மாதிரி மின்னியது. அவர் வீட்டிலும் போர் தண்ணிதான். அவர் காருக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னேன்.