தரைக்கு அடியில் போன ஒயர்

“ஏட்டி, பரீட்சை எழுதுத மாதிரியா கரண்டு வேல?” என்று சிரித்தார் சித்தப்பா. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. சங்கரன்கோவில் தறிச் சேலைகளை ஊர் ஊராக விற்கும் அப்பாவும் அம்மாவும் தங்கள் சேலை வேனிலேயே தங்குவதற்குக் கட்டிலும் விளக்கும் நானே அமைத்தேன்.

பேட்டரியிலிருந்து ஒயரை வேன் தரையில் இழுத்து, மேலே பிளைவுட் போட்டு ஸ்குரூ முடுக்கினேன். ஃபியூஸ் மட்டும் பாக்கி.

“நல்ல நேரம் முடியப் போவுது மக்கா, வெளக்கப் போடு” என்றாள் வேனுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா. ஃபியூஸைப் பிறகு பார்க்கலாம் என்று கதவருகே நின்று சுவிட்சைப் போட்டேன்.

விளக்கு எரிந்தது. அம்மா எழுந்து ஓரடி வைத்தாள். அவளுக்கும் கதவுக்கும் நடுவே பலகை இடுக்கில் புகை கிளம்பியது. சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை.

“ஏட்டி, காலு சுடுது!” என்று அலறினாள்.

ஸ்பேனர் இரண்டு முறை நழுவியது. ஒருவழியாகப் பேட்டரி ஒயரைக் கழற்றி, அம்மாவை வெளியே இழுத்தேன்.

நான் முடுக்கிய ஸ்குரூ ஒன்று பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஒயரைத் துளைத்திருந்தது. அம்மா மிதித்ததும் அது வேனின் அடித்தகரத்தைத் தொட்டு, கரண்டு தாறுமாறாகப் பாய்ந்து ஒயர் தீய்ந்திருக்கிறது. ஃபியூஸ் இருந்திருந்தால் உடனே கரண்டை நிறுத்தியிருக்கும். இது நான் படித்த பாடம்தான்.

இப்போது ஃபியூஸ் மாட்டாமல் பேட்டரியைத் தொடுவதில்லை. ஒயரை எல்லாம் உருவி, பக்கச்சுவரில் குழாய்க்குள் விட்டிருக்கிறேன். நேற்று அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டு, ஒவ்வொரு பலகையாக நானே மிதித்து நடந்தேன்.