ஈஸ்டுக்குப் பொட்டு வைத்த நாள்

நான் இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியம் நடந்தது இது. கல்லூரி, திண்டுக்கல்லில் இருந்து வேடசந்தூர் போகிற வழியில் இருக்கிறது. பூஜை அன்று விடுமுறை என்பதால் எங்கள் டிபார்ட்மென்ட் லேபில் முதல் நாளே சாமி கும்பிட்டுவிடுவார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்த கூத்து புரியும். பிளஸ் டூவில் நான் கம்ப்யூட்டர் குரூப். தவளை, கரப்பான் பூச்சி என்றாலே காத தூரம் ஓடுகிறவள். கவுன்சிலிங்கில் உயிர்வேதிப் பொறியியல் கிடைத்தபோது, பெயரில் இருந்த பின்பாதியை மட்டும் பார்த்துச் சேர்ந்துவிட்டேன். அப்பா லேத் பட்டறை வைத்திருக்கிறார். மெஷின் என்றால் எனக்குப் பயமே கிடையாது. லேபில் ஃபெர்மென்டரை, அதாவது நுண்ணுயிர்களை வளர்க்கிற எந்திரத்தை, முதன்முதலில் பார்த்ததும் அட, நம்ம ஆளு என்றுதான் நினைத்தேன். மேலே மோட்டார், நடுவில் சுழலும் தண்டு, பக்கத்தில் பம்ப், காற்று கொடுக்கும் கம்ப்ரஸர். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் கலங்கலாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பற்றி நான் ரொம்ப அலட்டிக்கொள்ளவில்லை.

அன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது ஆராய்ச்சி படிக்கும் ஒரு அக்காவின் வேலை. திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். பழனிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் இடங்களில் மிஞ்சும் பாகைக் கொடுத்து, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்டை வளர்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்டுக்குக் காற்றை நிறையக் கொடுத்து, சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் அது மளமளவென்று பெருகும். காற்று கிடைக்காவிட்டால் பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, கிடைத்த சர்க்கரையைச் சாராயமாக்கிவிடும். இதை வகுப்பில் கேட்டு, பரீட்சையில் எழுதி, முழு மார்க்கும் வாங்கியவள் நான்.

அக்காவுக்கு அது மூன்றாவது முயற்சி. முதல் இரண்டிலும் வேண்டாத கிருமி புகுந்து கெட்டுப்போயிருந்தது. விடுமுறை முடிந்ததும் ஃபெர்மென்டர் வேறொரு குழுவுக்குப் போய்விடும். இதுவும் போனால் ஆய்வேட்டை அடுத்த வருடம்தான் கொடுக்க முடியும். அதனால் முந்தின நாளில் இருந்து அதன் பக்கத்திலேயே கிடந்தார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு, சாப்பிட்டு வரக் கிளம்பியபோது என்னைக் கூப்பிட்டார். "செத்த நேரம் பாத்துக்க. எதையும் தொட்டுறாத" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய தலைக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பூஜை ஏற்பாடு எங்கள் வகுப்புப் பொறுப்பு. பட்டறை வீட்டுப் பெண் என்பதால் நானே தலைவியாகிவிட்டேன். மைக்ராஸ்கோப்பைத் துடைத்தோம், அடுப்புகளைத் துடைத்தோம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. கடைசியில் ஃபெர்மென்டர். அதுதான் லேபிலேயே பெரியது. அதற்கு இல்லாத பொட்டா? ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்க அப்பா விடவே மாட்டார். பட்டறையில் மெயினை அணைத்து, எல்லாம் அசையாமல் நின்ற பிறகுதான் சந்தனக் கிண்ணத்தையே எடுப்பார். வருடம் முழுக்க உழைத்ததற்கு ஓய்வு கொடுப்பதுதான் பூஜை என்பார்.

ஒரு கால் மணி நேரம்தானே என்று மோட்டாரை நிறுத்தினேன். கம்ப்ரஸரையும் அணைத்தேன். குமிழ்கள் நின்றன. எவ்வளவு அமைதி! பாத்திரத்துக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைக் காட்டும் திரை மேல் ஒரு முழம் கதம்பத்தைத் தொங்கவிட்டேன். கீய் கீய் என்று ஏதோ கத்தியது. அதற்கும் ஒரு பட்டன் இருந்தது, அமுக்கினேன்.

துறைத் தலைவர் வந்தால் தீபாராதனை. அவர் ஏதோ மீட்டிங்கில் மாட்டிக்கொண்டார். கால் மணி அரை மணியாகி, அரை மணி முக்கால் மணியானது. சுண்டல் ஆறிப்போனது. அப்போதுதான் ஒரு வாடை வந்தது. பூ வாடை இல்லை, பத்தி வாடை இல்லை. புளித்த, கிறக்கமான வாடை. பாத்திரத்தைப் பார்த்தேன். அடியில் சேறு மாதிரி படிந்து, மேலே நுரை கட்டியிருந்தது.

பரீட்சையில் எழுதிய பதில் வரிவரியாக ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா வாசலில் நின்றார்.

"கரண்ட் போச்சா?" என்றார் முதலில்.

ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. எங்கள் ஊரில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அது வாய்க்குள்ளேயே செத்துவிட்டது. "இல்லக்கா. நாந்தான் நிறுத்துனேன். பூஜைக்கு... மோட்டாரையும் காத்தையும்."

"மோட்டாரும் காத்தும் மட்டுமா? பம்ப்பு?"

பாகு கொடுக்கும் பம்ப் ஒன்று பின்பக்கம் இருப்பதே என் கண்ணில் படவில்லை. அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா பாய்ந்து போய் அதை நிறுத்தினார். பிறகு கம்ப்ரஸர், மோட்டார். நுரை பொங்கிக்கொண்டு மேலே வர, எண்ணெய் மருந்தை விட்டு அடக்கினார்.

"நீ மட்டும் கரண்டுன்னு சொல்லிருந்தா, பம்ப்பும் நின்னு எல்லாம் பட்டினி கெடக்குன்னு நெனச்சு நான் இன்னும் பாகத்தான் ஊத்திருப்பேன்" என்றார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கதம்பத்தை விலக்கித் திரையைக் காட்டினார். பூஜ்யம். காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் பூஜ்யம்தான்.

"அம்புட்டும் செத்துருச்சாக்கா?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"கிறுக்கு! செத்திருந்தா யாரு மூச்சு விடுவா? காத்து அப்படியே தண்ணியில மிஞ்சி நம்பர் சர்ருன்னு ஏறிருக்கும். ஏற மாட்டேங்குதுன்னா, குடுக்கக் குடுக்க உள்ள இழுத்துக்கிட்டு இருக்குடி!"

எனக்குக் கை கால் எல்லாம் புல்லரித்துவிட்டது. பூஜ்யத்தைப் பார்த்து வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். அந்தக் கண்ணாடிக்குள் கோடிக்கணக்கில் எதுவோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சடைக்க வைத்திருந்தவை, இப்போது விட்ட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஆனாலும் ஆபத்து முழுதாக நீங்கவில்லை. செய்து வைத்த சாராயத்தை ஈஸ்டே திரும்பத் தின்று தீர்க்க வேண்டும், காற்று இருந்தால் அதனால் முடியும், தின்று முடித்ததும் எண் தானாக ஏறும் என்றார் அக்கா. அதுவரை பாகு கிடையாது. அந்த நேரத்தில்தான் துறைத் தலைவர் வந்து சேர்ந்தார். மூக்கைச் சுருக்கி, "என்னம்மா, சரஸ்வதி முன்னாடி கள்ளு வாடை அடிக்குது?" என்றார். அக்கா நடந்ததைச் சொன்னார். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டு நிச்சயம் என்று தலையைக் குனிந்தேன். அவரோ ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

வகுப்பே கூடிவிட்டது. தீபாராதனையை யாரும் நினைக்கவில்லை. ஆறிய சுண்டலைக் கொறித்தபடி இருபது பேர் ஒரு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவர்கூட அப்படி இருந்ததில்லை. ஒன்று. ஒன்றரை. மறுபடி ஒன்று. அரை மணி, முக்கால் மணி. ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் அக்காவின் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

திடீரென்று ஏறியது. ஐந்து, பன்னிரண்டு, முப்பது! யாரோ விசில் அடித்தார்கள். "தின்னு முடிச்சிருச்சு!" என்று கத்தினேன், ஏதோ நானே சமைத்துப் போட்ட மாதிரி. அக்கா பம்ப்பை ஓட விட்டார். பாகு சொட்டியதும் எண் மெல்ல இறங்கியது. மறுபடி சாப்பிடுகின்றன! அக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, எடுத்து வைத்திருந்த சுண்டலை அப்போதுதான் வாயில் போட்டார்.

பிறகு லேப் நோட்டையும் பேனாவையும் என் கையில் கொடுத்தார். நேரத்தைக் குறித்து, காற்று நின்றதற்கான காரணத்தை நானே எழுத வேண்டும் என்றார். கடைசியில் "காரணம்: நான். உயிர் இருப்பதை மறந்துவிட்டேன்" என்று எழுதினேன். அதற்குக் கீழே அக்கா ஒரு வரி எழுதினார்: "உண்மையை உடனே சொன்னதால் பிழைத்தது."

அக்காவின் ஆய்வேடு அந்த வருடமே போனது. அதில் இருக்கும் வரைபடத்தில் ஓரிடத்தில் கோடு கிணற்றில் விழுந்ததுபோல் விழுந்து, பிறகு எழுந்து வரும். இப்போது நானே ஒரு தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய பாத்திரங்களோடு வேலை செய்கிறேன். எந்த சுவிட்சில் கை வைப்பதற்கு முன்னாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.