என் கைக்கும் மகளுக்கும் இடையில்

எண்பதுகளின் தொடக்கத்தில் வட்டக்கச்சியில் எங்களுக்கு வயலும் ஒரு பழைய உழவு இயந்திரமும் இருந்தன. பின்னேரம் நான் வயலால் வந்து அதை முற்றத்தில் நிறுத்தியதும், மகள் பின்னால் கொழுவிய பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று, "அப்பா, பிடியுங்கோ!" என்று கத்துவாள். கையை நீட்ட முன்னமே பாய்ந்துவிடுவாள். ஐந்து வயது. பயம் தெரியாத பிசாசு. அந்தப் பாய்ச்சலுக்காகவே நான் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

ஒருமுறை சூடடித்துத் தூற்றும்போது, பதரோடு பறந்த நெற்சுணை என் இடக்கண்ணில் ஏறியது. களத்தில் நின்று குறை பேசக்கூடாது, பேசினால் விளைச்சல் போய்விடும் என்பது எங்கள் வழக்கம். வேறு யாரும் என்றால் ஐயோ என்று கத்தியிருப்பான். நானோ கண்ணீர் ஒழுக ஒழுக "பொலி, பொலி" என்று விளைச்சல் பெருகச் சொல்லிக்கொண்டு நின்றேன். கடைசி மூட்டை வீடு சேரும்வரை வாய் திறக்கவில்லை. பிறகு கைவைத்தியமாகக் கண்ணில் முலைப்பால் விட்டுப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருவிழியில் வெள்ளை படர்ந்து முடிந்திருந்தது.

டொக்டர் தன் பேனையை நீட்டி நுனியைத் தொடச் சொன்னார். என் விரல் வெறும் காற்றைத்தான் தொட்டது.

"ரெண்டு கண்ணும் ஒரே சாமானை ரெண்டு இடத்தில இருந்து பாக்குது. அந்தச் சின்ன வித்தியாசத்தை வச்சுத்தான் மூளை கிட்டம் தூரம் அறியும். இனி உங்களுக்கு அது இல்லை. பழகப் பழகக் கொஞ்சம் சரிவரும்," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. வயல் தெரிகிறது, மாடு தெரிகிறது, இவர் என்ன விசர்க்கதை கதைக்கிறார்? வீட்டில் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றியபோதுதான் விளங்கியது. எல்லாம் சுவரில் ஒட்டிய படம் மாதிரிக் கிடந்தது. தலையை அங்கும் இங்கும் ஆட்டினால் கிட்ட உள்ளது கூடுதலாக நகரும். அதை வைத்துத் தூரத்தை மட்டுக்கட்டப் பழகினேன். "ஓணான் வாறார்," என்று மனைவி சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அழுதாள். எனக்குக் கேட்டது.

கண் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மகள் பாய்ந்தால் பிடிப்பேனா என்பதுதான் நெஞ்சை அரித்தது.

ஒரு பின்னேரம் அவள் பெட்டியில் ஏறிவிட்டாள்.

"இறங்கடி! அப்பாவுக்கு மட்டுத் தெரியாது," என்று மனைவி ஓடிவந்தாள்.

"எனக்கென்ன குருடே? நீ குதி பிள்ளை!" கைகளை விரித்தேன்.

மகள் குனிந்து என் கைகளைப் பார்த்தாள். "கிட்ட வாங்கோ அப்பா."

"கிட்டத்தானே நிக்கிறன்."

"இல்லையப்பா, தூரத்தில நிக்கிறீங்கள்."

ஓரடி முன்னால் வைத்தேன். தலையை ஆட்டிப் பார்த்தேன். "இப்ப?"

அவள் திரும்பி, விளிம்பில் வயிற்றை வைத்து, காலால் பெட்டியின் சில்லைத் தடவித் தடவித் தானாகவே இறங்கினாள். பிறகு கிட்ட வந்து, நான் இன்னும் நீட்டிக்கொண்டிருந்த கைகளை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

"தேத்தண்ணி குடிப்பம், வாங்கோ."

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் "பிடியுங்கோ" என்று கேட்கவில்லை.