காற்றைப் படம் எடுத்தவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைக் காத்துக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்த புண்ணியவதி அவளுடைய நாத்தனார். இரண்டு பேருக்கும் ஒரே வேலை. கீழே இயந்திரத்தில் துவைத்த படுக்கை விரிப்புகளை மாடிக்குச் சுமந்துபோய்க் கொடியில் காயப்போட வேண்டும், காய்ந்ததை மடித்து இறக்க வேண்டும். நாத்தனாருக்கு அந்த மாடி என்றால் முதுகுவலி. காத்துக்காரிக்கோ, வெள்ளை விரிப்புகள் மெல்ல உப்பி மெல்ல அடங்குவதைப் பார்த்தால் மாடியே மூச்சுவிடுவது போலிருக்கும். கை வேலை செய்யும், மனசு எங்கோ மிதந்துகொண்டிருக்கும்.

கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் அவளுடைய சித்தப்பா மகன், புதுக் கேமரா வாங்கியதும் பழையதை அவள் தலையில் கட்டினான். அன்றைக்குப் பிடித்தது அந்தப் பைத்தியம். காற்றைப் படம் எடுக்க வேண்டும்.

"கண்ணுக்கே தெரியாதது கேமராவுக்கு எப்படி அண்ணி தெரியும்?" என்றாள் நாத்தனார்.

"கன்னத்துல படுதில்ல? படத்துலயும் படணும்."

படவில்லை. ஷட்டரின் வேகத்தைக் கூட்டினால் விரிப்பு அட்டை மாதிரி விறைத்து நின்றது. குறைத்தால் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கியது. சாப்பாட்டு இடைவேளையில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடுவாள். விடுமுறை நாளிலும் போவாள். பேருந்து ஓட்டும் புருஷன், "நம்ம வீட்டுக் கட்டில்லயும் விரிப்பு இருக்கு, அதையும் ஒரு நாள் கவனி" என்று கிண்டலடிப்பான். ஆனாலும் அன்றைக்கு அடுப்பைத் தானே பார்த்துக்கொள்வான்.

புகைப்படப் போட்டிகளுக்கு அனுப்பியவையெல்லாம் சுவரில் அடித்த பந்தாகத் திரும்பி வந்தன. ஒரு நடுவர் மட்டும், வெண்மை அருமையாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்.

"அது நம்ம சலவைக்குக் கிடைச்ச பரிசு," என்றாள் நாத்தனார்.

ஒருநாள் மழை விட்ட மதியம், துணிமூட்டையோடு வந்த நாத்தனார் விரிப்புகளுக்குள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டாள். "அண்ணி, எங்க இருக்கீங்க?" காற்று ஒரு விரிப்பை அவள்மேல் அழுத்த, நெற்றி, மூக்கு, நீட்டிய கை எல்லாம் வெள்ளையில் எழும்பி வந்தன. காற்றுக்கு உருவம் கிடைத்துவிட்டது. காத்துக்காரி பதறிப்போய் ஷட்டரை அமுக்கினாள். ஃபோகஸ் தவறிவிட்டது.

அழுகை வந்தது. ஆனால் தேட வேண்டியது எது என்று இப்போது தெரிந்துவிட்டது. காற்றை எடுக்க ஒரு ஆள் வேண்டும். நாத்தனாரைக் கெஞ்சிக் கூத்தாடி நிற்க வைத்தாள். அவளோ கேமராவைக் கண்டதும் விளக்குக் கம்பம் ஆகிவிடுவாள். மாதக்கணக்கில் இதே கதை. கேமரா கழுத்தில் கிடப்பது இருவருக்குமே பழகி, மறந்தும் போயிற்று.

அப்படி மறந்திருந்த ஒரு காலையில், நாத்தனார் மூட்டையை இறக்கிவைத்து, இடுப்பில் கை ஊன்றிக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றாள். கண்கள் தானாக மூடின. பின்னால் விரிப்புகள் எல்லாம் ஒருசேர எழும்பின. அவள் பாதம் தரையில் இருந்தது. ஆள் தரையில் இல்லை. காத்துக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. கண்காட்சிக் கூடத்தில் முன்பின் தெரியாத ஒருத்தி அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். கலையாத தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

நாத்தனார் படத்தில் தன்னையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்: "நான் இவ்வளவு லேசாவா இருக்கேன் அண்ணி?"

"அந்த நிமிஷம் அப்படித்தான் இருந்தே."

பிறகு பத்திரிகைகள் தேடி வந்தன. இப்போது படம் எடுப்பதுதான் அவள் தொழில். அந்த மருத்துவமனையே அவள் படங்களைக் கேட்டு வாங்கி வார்டுகளில் மாட்டியிருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, மனசால் ஏதோ ஒரு மாடியில் நடந்துகொண்டே தூங்கிப்போகிறார்கள்.